ஊவாத் தோட்டங்களில் ஒரு வயிற்றுவலி: உயிரைக் காப்பவை நேரமும் மொழியும்

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அடுத்தவரின் வயிற்றுவலியை இலேசாக எடுத்துக் கொள்ளும் மனித இயல்பை நமது முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அந்த இயல்பு ஒரு குடும்பத்துக்குள் இருந்தால் மனக்கசப்போடு முடிந்துவிடும். ஒரு சமூகத்தின் சுகாதார ஏற்பாட்டுக்குள் அது புகுந்துவிட்டாலோ உயிர்கள் பலியாகும். ஊவா மாகாணத்தின் பெருந்தோட்டங்களில் இன்று காணப்படுவது இந்த இரண்டாவது நிலையே.

மலையகம் பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் சம்பளம், வீடு, காணி ஆகிய மூன்றையும் சுற்றியே நிகழ்கின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுக்குள் புதைந்தபோது நாடு ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகள் மீண்டும் சரிந்து, வீதிகள் துண்டிக்கப்பட்டு, பல தோட்டங்கள் தனித் தீவுகளாகின. அனர்த்தத்தின்போது வைத்தியசாலைக்குச் செல்ல முடியாமற் போவது அனைவரின் கண்ணுக்கும் தெரிகிறது. அனர்த்தம் எதுவும் இல்லாத சாதாரண நாட்களிலும் ஒரு தோட்டத் தொழிலாளி லயன் அறையிலிருந்து சத்திரசிகிச்சைக் கூடத்தை அடைவதற்குள் எத்தனை மணித்தியாலங்கள் கரைந்து போகின்றன என்பது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அதனை அளந்து பார்க்க மிகச் சிறந்த அளவுகோல் திடீர் வயிற்றுவலியாகும். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படம் பேசும். காய்ச்சல் வந்தால் குருதிப் பரிசோதனை பேசும். திடீர் வயிற்றுவலியில் முதலில் பேச வேண்டியவர் நோயாளியே. வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, வாந்தி முதலில் வந்ததா வலி முதலில் வந்ததா என்ற விபரங்களைக் கொண்டே வைத்தியர் பாதி முடிவுக்கு வருகின்றார். மீதிப் பாதியைத் தீர்மானிப்பது நேரம். மொழியும் நேரமும் ஆகிய இவ்விரண்டுமே தோட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டு வருபவை என்பதுதான் இப்பிரச்சினையின் சாரம்.

ஆறு மணித்தியாலம் என்னும் எல்லை

வயிற்றுவலிகளில் பெரும்பாலானவை தாமாகவே தணிந்துவிடுகின்றன. அஜீரணம், வயிற்றோட்டம், மாதவிடாய் வலி, மலச்சிக்கல் போன்றவை இவ்வகையின. ஆபத்தானவற்றை இவற்றிலிருந்து பிரித்தறிவதே கேள்வி. இங்கிலாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் சக்கரி கோப், இந்நோய்க் குறிகளைப் பற்றி 1921இல் எழுதிய நூல் ஒரு நூற்றாண்டு கடந்தும் வைத்திய மாணவர்களால் படிக்கப்படுகிறது. அதுவரை ஓரளவு சுகமாக இருந்த ஒருவருக்குக் கடுமையான வயிற்றுவலி ஏற்பட்டு, அது ஆறு மணித்தியாலத்துக்கும் தணியாமல் நீடித்தால், பெரும்பாலும் அது சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டிய நோயாகவே இருக்கும் என்பது அவர் வகுத்த விதி. ஸ்கேன் இயந்திரங்கள் பெருகிவிட்ட இக்காலத்திலும் சாதாரண மக்கள் நினைவில் வைத்துக் கொள்ளத்தக்க விதி இதுவே.

குடல்வால் அழற்சி இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க வைத்தியர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் 1886இல் இந்நோயை இனங்கண்டு பெயரிட்டார். தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும் வலி, சில மணித்தியாலங்களில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கே நிலைகொள்ளும். பசி அற்றுப் போகும். வலியைத் தொடர்ந்து குமட்டலும் வாந்தியும் வரும். இலேசான காய்ச்சல் இருக்கும். இருமினாலோ, நடந்தாலோ, வாகனம் குலுங்கினாலோ வலி அதிகரிக்கும். ஒரு நாள், ஒன்றரை நாள் கடந்ததும் குடல்வால் வெடிக்கும் அபாயம் உயர்கிறது. வெடித்த பின் வலி சற்றுக் குறைந்தது போலத் தோன்றுவதும் உண்டு. "இப்போது பரவாயில்லை" என்று குடும்பத்தினர் ஆறுதலடையும் அந்த வேளையில்தான் சீழ் வயிற்றுக்குள் பரவிக் கொண்டிருக்கும்.

இரைப்பைப் புண் துளைபட்டால் வரும் வலி வேறு விதமானது. நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லக் கூடியவாறு திடீரெனத் தாக்கும். வயிறு பலகைபோல இறுகிவிடும். நோயாளி அசையவே அஞ்சுவார். இந்நோய் தோட்டத்து வாழ்க்கையோடு தொடர்புடையது. நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்து வரும் உடல்வலிக்கு டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கி வெறும் வயிற்றில் விழுங்குவது பல லயன்களில் வழக்கமாகிவிட்டது. இம்மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரை அரிக்கின்றன. புகையிலையும் மதுவும் நிலைமையை மோசமாக்குகின்றன. இரைப்பைப் புண்ணுக்குக் கிருமி ஒன்றும் காரணம் என்பதை நிறுவிய அவுஸ்திரேலியர்களான பாரி மார்ஷலும் ரொபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். அந்தக் கிருமியை மருந்தால் ஒழிக்கலாம். வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கும் பழக்கத்தை அறிவுரையால் மாத்திரமே ஒழிக்க முடியும்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்ந்து, குனிந்து உட்கார்ந்தால் சற்றே தணியும் வலி கணைய அழற்சியைக் குறிக்கலாம். கசிப்பும் பித்தப்பைக் கற்களும் இதன் பிரதான காரணங்கள். வலது விலாவுக்குக் கீழே, எண்ணெய்ப் பதார்த்தம் உண்டபின் எழுந்து தோள்பட்டைக்குப் பரவும் வலி பித்தப்பையினுடையது. அத்துடன் குளிர்காய்ச்சலும் கண் மஞ்சளாதலும் சேர்ந்தால் ஒரு இரவுகூடக் காத்திருத்தல் ஆகாது. விலாப்புறத்திலிருந்து அரைப்பகுதிக்கு இறங்கி, நோயாளியை ஓரிடத்தில் இருக்க விடாமல் புரட்டி எடுக்கும் வலி சிறுநீரகக் கல்லினுடையது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வோருக்கு இது வருவதில் வியப்பில்லை.

வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், மலமும் வாயுவும் வெளியேறாமல் விட்டுவிட்டு முறுக்கும் வலி குடல் அடைப்பின் குறியாகும். உர மூட்டையும் கொழுந்து மூட்டையும் விறகும் சுமக்கும் ஆண்களிடையே அரைப்பகுதியில் குடலிறக்கம் இருப்பதும், வெட்கத்தால் அதனை வருடக்கணக்கில் மறைத்து வைப்பதும் நாமறிந்தவையே. படுத்தால் உள்ளே போகும் வீக்கம் ஒருநாள் உள்ளே போக மறுத்து, இறுகி, வலிக்கத் தொடங்கினால் குடலுக்குக் குருதியோட்டம் நின்றுவிடும் ஆபத்து உண்டு. அன்றைய தினமே அதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

பெண்களின் வலி, குழந்தைகளின் வலி

கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களது அடிவயிற்று வலி "மாதாந்த வலி" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்பட்டு விடுகிறது. மாதவிடாய் தள்ளிப் போன ஒரு பெண்ணுக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வலி ஏற்பட்டு, தலைசுற்றி, முகம் வெளிறி, மயக்கம் வந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கி வெடித்திருக்கக் கூடும். தோள் முனையில் வலி தோன்றுவதும் இதன் குறியே. வெளியே ஒரு துளி குருதி தெரியாமலே உள்ளே உயிராபத்தான குருதிப் பெருக்கு நிகழும்.

தோட்டப் புறங்களில் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து கொண்ட பெண்கள் அதிகம். "எல்.ஆர்.டி. செய்தவளுக்குக் கர்ப்பம் எங்கிருந்து வரும்" என்ற எண்ணம் இயல்பானது. அச்சிகிச்சைக்குப் பின் கர்ப்பம் தரிப்பது மிக அரிது என்பது உண்மையே. ஆனால் அரிதாக ஏற்படும் அந்தக் கர்ப்பம் கருப்பைக்கு வெளியே தங்கும் வாய்ப்பு ஏனையோரை விட அதிகம். மருந்தகத்தில் இருப்பவருக்கும் கணவனுக்கும் மாமியாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விடயம் இது.

ஆண் உத்தியோகத்தரிடம் மாதவிடாய் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு மௌனமாக இருக்கும் இளம் பெண்கள் தமிழ்க் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் உள்ளனர். பெண் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்ற விருப்பம் மதிக்கப்பட வேண்டியதே. எனினும் பெண் வைத்தியர் இல்லாத இரவில் உயிரைக் காக்கும் நிர்ப்பந்தம் ஏனைய தயக்கங்களுக்கு முந்தியது என்பதில் மார்க்கம் அறிந்தோரிடையே கருத்து வேறுபாடு இல்லை. நோயாளிக்கு நோன்பிலும் சலுகை உண்டு. நோன்பு காலத்தில் கடும் வயிற்றுவலியோடு மாலை வரை பொறுத்திருந்து ஆபத்தைத் தேடிக் கொள்ளுமாறு எவரும் பணிக்கவில்லை.

குழந்தைகளின் நிலை இன்னும் இக்கட்டானது. பெற்றோர் மலைக்குப் போனபின் பிள்ளை மடுவத்திலோ பாட்டியிடமோ இருக்கும் கைக்குழந்தை, கால்களை மடக்கிக் கொண்டு வீறிட்டழுது, சற்று ஓய்ந்து, மறுபடியும் அழுதால், குடல் குடலுக்குள் செருகிக் கொண்டிருக்கலாம். மலத்தில் சிவந்த கூழ் போன்ற குருதிச் சளி தென்படுவது தாமதமாக வரும் அடையாளம். அதுவரை காத்திருக்கக் கூடாது. பதின்ம வயதுப் பையன் அடிவயிறு வலிக்கிறது என்று முனகினால், விதை முறுகியுள்ளதா என்பதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அந்த உறுப்பை இழக்க நேரிடும். பையன் வெட்கத்தால் "வயிறு" என்று மாத்திரமே சொல்வான்.

வயிற்றில் தெரிந்தாலும் வயிற்றினுடையதல்ல

சில வலிகள் வயிற்றில் தோன்றினாலும் வயிற்றுக்கு உரியவை அல்ல. நெஞ்சுக் குழியில் எரிவும் அழுத்தமும் வியர்வையும் ஏற்படும்போது "கேஸ்" என்று சொல்லி ஈனோவும் இஞ்சிச் சாறும் குடித்துவிட்டுப் படுப்பவர்களில் சிலருக்கு உண்மையில் வந்திருப்பது மாரடைப்பு. நீரிழிவு நோயாளர், பெண்கள், முதியோர் ஆகியோரிடம் மாரடைப்பு இவ்வாறு வேடமிட்டு வருவது அதிகம். நீரிழிவு கட்டுமீறிப் போனாலும் வயிற்றுவலியும் வாந்தியும் வரும்.

டெங்குக் காய்ச்சலில் வயிற்றுவலி ஓர் எச்சரிக்கை மணி. இலங்கையில் 2017ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் 186,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். காய்ச்சல் இறங்கும் தறுவாயில் வயிறு வலித்து, வாந்தி எடுத்து, சோர்ந்து போகும் நோயாளியை உடனடியாக வைத்தியசாலையில் சேர்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் போன்றவற்றை டெங்குவில் தொடவே கூடாது.

ஊவாவின் தாழ்நிலப் பகுதியான மொனராகலை மாவட்டத்தில் இன்னொரு காரணத்தையும் மறக்கலாகாது. தரையில் பாய் விரித்து உறங்குபவரை இரவில் கட்டுவிரியன் தீண்டினால் கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. பல் பதிந்த அடையாளம்கூடத் தெரியாமற் போகலாம். நள்ளிரவிலோ விடியலிலோ கடும் வயிற்றுவலியோடு விழித்தெழுவதே பலருக்கு முதற்குறி. அதன்பின் கண் இமைகள் தாழ்ந்து, விழுங்குவது கடினமாகி, மூச்சு நிற்கும் நிலை வரும். தரையில் உறங்கியவருக்குக் காரணமின்றி வயிறு வலித்து இமை சரிந்தால், அது பாம்புக்கடி என்றே எண்ணி விரைய வேண்டும்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. ஆபத்தின் குறிகள் தெரிந்தபின் உணவு கொடுக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் நிறைந்த இரைப்பை ஆபத்தாகும். விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுப்பதும், எண்ணெய் தேய்த்து வயிற்றை அழுத்தி உருவிவிடுவதும் அழற்சியுற்ற குடலை உடைத்துவிடக் கூடும். வேப்பிலை அடிப்பதும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் அவரவர் நம்பிக்கை. வாகனம் வரும் வரை அதனைச் செய்யலாம். அதற்காக வாகனத்தை நிறுத்தி வைக்கலாகாது. வைத்தியசாலையில் வலிநிவாரணி கொடுப்பதால் நோயை அறிவது தடைப்படாது என்பது இன்று ஒப்புக் கொள்ளப்பட்ட உண்மை. மருந்தகத்தில் ஊசி போட்டு வலியைத் தணித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் ஆபத்து.

மணித்தியாலங்கள் தொலையும் இடங்கள்

மேற்சொன்ன அறிவு முழுவதும் ஒரு தொழிலாளியிடம் இருப்பதாகவே வைத்துக் கொள்வோம். அவரால் உரிய நேரத்தில் சத்திரசிகிச்சை நிபுணரை அடைய முடியுமா?

முதல் தாமதம் பெரட்டுக் களத்தில் தொடங்குகிறது. வயிற்றுவலி என்று வேலைக்கு வராதவர் சாக்குச் சொல்பவராகவே பார்க்கப்படுகின்றார். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. 2024 செப்டம்பரில் நாளொன்றுக்கான அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதனை 1,550 ரூபாவாக உயர்த்தவும், அதற்கு மேல் 200 ரூபாவை வருகை ஊக்கத் தொகையாக அரசு வழங்கவும் முன்மொழியப்பட்டது. சம்பள உயர்வு வரவேற்கத்தக்கதே. ஆயினும் வருகையோடு பிணைக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாவும், நோயுற்ற ஒருவரை "இன்று ஒருநாள் சமாளிப்போம்" என்று மலைக்கு அனுப்பும் ரூபாவாகவும் மாறிவிடுகிறது என்பதை ஆட்சியாளர்கள் கவனிக்க வேண்டும்.

1902 ஜூன் மாதம் இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்ட் மன்னர் முடிசூட்டு விழாவுக்கு இரு நாட்கள் இருக்கையில் குடல்வால் நோயால் வீழ்ந்தார். விழாவைத் தள்ளிவைக்க அவர் முதலில் மறுத்தார். வைத்தியர்கள் விடாப்பிடியாக நின்றனர். பேரரசு முழுவதிலுமிருந்து விருந்தினர் வந்திருந்த நிலையிலும் விழா ஒத்திவைக்கப்பட்டு, சத்திரசிகிச்சை நடந்து, ஓகஸ்ட் மாதத்தில் அவர் முடிசூடினார். ஒரு மன்னனின் முடிசூட்டு விழாவையே தள்ளிவைக்கச் செய்த நோய்க்கு, அம்மன்னனின் ஆட்சியில் தேயிலை பயிரிட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் ஒரு நாட் பேரைத் தள்ளிவைக்க முடியாதிருப்பது எவ்வளவு பெரிய அவலம்!

இரண்டாவது தாமதம் தோட்ட மருந்தகத்தில் நிகழ்கிறது. தோட்ட வைத்திய உதவியாளர்களில் அனுபவமும் அர்ப்பணிப்பும் மிக்கவர்கள் பலர் உள்ளனர். ஆனால் அவர்கள் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். பல மருந்தகங்கள் மாலைக்குப் பின் பூட்டப்பட்டு விடுகின்றன. வயிற்றுவலியோ பெரும்பாலும் இரவில்தான் முற்றுகிறது. மருந்தகத்தில் மாத்திரையும் ஊசியும் பெற்றபின், இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்கும் காலமே பல நோயாளரின் நிலையைச் சிக்கலாக்குகிறது.

மூன்றாவது தாமதம் பாதை. பதுளை போதனா வைத்தியசாலையே மாகாணத்தின் பிரதான சத்திரசிகிச்சை மையம். தியத்தலாவை, வெலிமடை, மஹியங்கனை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. மடுல்சீமை, லுணுகலை, நமுனுகலை, பூனாகலை, ஹல்தும்முல்லைப் பகுதிகளின் மேற்பிரிவுத் தோட்டங்களிலிருந்து இவற்றை அடைவதற்கு முன், கல்லும் குழியுமான தோட்டப் பாதையைக் கடந்து பிரதான வீதிக்கு இறங்கியாக வேண்டும். நள்ளிரவில் முச்சக்கர வண்டிக்காரர் கேட்கும் தொகை பல நாட்சம்பளத்துக்குச் சமமாகிவிடும். சிறு வைத்தியசாலையில் ஒரு முறை இறங்கி, அங்கிருந்து இடமாற்றப்பட்டு மீண்டும் ஏறுவதில் மேலும் நேரம் போய்விடுகிறது.

இங்கே ஆறுதல் தரும் செய்தி ஒன்றும் உண்டு. இந்திய நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. முற்றிலும் இலவசமான இச்சேவையைத் தமிழிலும் அழைக்கலாம். இது தெரியாமலோ, "எங்கள் பாதைக்கு எங்கே வரப் போகிறது" என்ற அவநம்பிக்கையாலோ அழைக்காதோர் இன்னும் உள்ளனர். அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அருகிலுள்ள தொழிற்சாலை அல்லது சந்தி ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். வாகனம் மேலே வர முடியாவிட்டால் நோயாளியைப் பிரதான வீதிவரை இறக்கிச் சந்திக்க ஏற்பாடு செய்யலாம்.

மொழியும் ஒரு மருத்துவக் கருவி

இத்தனையும் கடந்து வைத்தியசாலையை அடைந்தபின் நான்காவது தாமதம் காத்திருக்கிறது. நமது மக்களிடம் வலிக்குச் சொற்கள் குறைவில்லை. குத்துகிறது, பிசைகிறது, முறுக்குகிறது, எரிகிறது, இழுக்கிறது, சுருட்டிப் பிடிக்கிறது என்று பாமரத் தொழிலாளியும் நுட்பமாகப் பிரித்துச் சொல்வார். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு நோயைச் சுட்டும் தடயம். முறுக்கு என்றால் குடல், எரிவு என்றால் இரைப்பை, விட்டு விட்டு வருவதென்றால் அடைப்பு என்று வைத்தியரின் சிந்தனை ஓடும். சிங்களம் மட்டுமே தெரிந்த உத்தியோகத்தர் முன் நிற்கும்போது இத்தனை சொற்களும் "பட ரிதெனவா" என்ற இரண்டே சொற்களாகச் சுருங்கி விடுகின்றன. வயிறு வலிக்கிறது என்பதற்கு மேல் அதில் எந்தச் செய்தியும் இல்லை. வலி நகர்ந்த பாதை, மாதவிடாய் தள்ளிய கணக்கு, விழுங்கிய மாத்திரைகள் அனைத்தும் மொழியின் இடுக்கில் தொலைந்து போகின்றன.

அருகில் நிற்கும் சிற்றூழியரோ, அடுத்த கட்டில் நோயாளியோ, தற்செயலாக வந்த முஸ்லிம் வர்த்தகரோ மொழிபெயர்த்து உதவும் காட்சிகள் நமது வைத்தியசாலைகளுக்குப் புதியவை அல்ல. அந்த மனிதாபிமானம் போற்றத்தக்கது. ஆனால் ஒரு பெண் தனது மாதவிடாய் பற்றியும் கர்ப்பம் பற்றியும் வழிப்போக்கர் ஒருவர் மூலம் சொல்ல வேண்டும் என எதிர்பார்ப்பது எந்த விதத்தில் நியாயம்?

சட்டத்தில் குறை இல்லை. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின் கீழ் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டுள்ளன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சுமார் 8 இலட்சத்து 15 ஆயிரம் மக்களில், மலையகத் தமிழர், ஏனைய தமிழர், முஸ்லிம்கள் ஆகியோரைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கினருக்கும் அதிகமாவர். மொழிக் கொள்கையைப் பெயர்ப் பலகையில் காட்டினால் போதும் என நிர்வாகம் கருதிவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு இரண்டு மணிக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்பதே அக்கொள்கையின் உண்மையான பரீட்சை.

இரு சுகாதாரங்கள் உருவான கதை

இந்நிலை தற்செயலாக உருவானதல்ல. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக்கியது. அக்காலத்தில் அது ஒரு பாதுகாப்பு. ஆனால் தொழிலாளியின் உடல்நலம் தோட்டக் கணக்குப் புத்தகத்தின் செலவுப் பக்கத்தில் ஏறிய நாளும் அதுவே. இலவச சுகாதார சேவையால் நாடு உலகப் புகழ் பெற்றபோது, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இம்மக்கள் அதன் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டனர். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகியும், 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டும், மருந்தகம் தோட்டத்தின் மருந்தகமாகவே நீடித்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் கொள்கை 1990களில் முன்னெடுக்கப்பட்டு சில வைத்தியசாலைகள் கையேற்கப்பட்டன. அப்பணி முழுமை பெறவில்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. வாக்குரிமை கிடைத்தது. வைத்தியத்தில் மட்டும் முழுப் பிரஜையாகும் நாள் இன்னும் வரவில்லை.

செய்ய வேண்டியவை

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர் என நான்கு கூறாக வகுத்தார். தோட்டத்தில் இவை ஒன்றையொன்று சந்திப்பதற்கான ஏற்பாடுதான் தேவைப்படுகிறது. அதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை.

முதலாவது, ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் பிள்ளை மடுவத்திலும் ஆபத்துக் குறிகள் எளிய தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். ஆறு மணித்தியாலம் தணியாத கடும் வலி, பலகை போல் இறுகிய வயிறு, நிற்காத வாந்தி, பச்சையாகவோ குருதியாகவோ வரும் வாந்தி, கறுத்த மலம், மயக்கம், காய்ச்சலோடு மஞ்சள் நிறம், மாதவிடாய் தள்ளிய பெண்ணின் அடிவயிற்று வலி ஆகிய எதுவும் தென்பட்டால் மருந்தகத்தில் நிறுத்தி வைக்காமல் நேராகச் சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு அனுப்புவது கட்டாயமாக்கப்பட வேண்டும். மயக்கம், இறுகிய வயிறு, குருதி வாந்தி போன்றவற்றுக்கு ஆறு மணித்தியாலமும் காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, இரவில் எரிபொருளோடும் சாரதியோடும் தயாராக இருக்கும் ஒரு வாகனத்தை ஒவ்வொரு தோட்டமும் வைத்திருக்க வேண்டும். சாரதியின் தொலைபேசி இலக்கமும் 1990 என்ற இலக்கமும் லயன் சுவர்களில் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, வைத்தியசாலைச் சீட்டுக் காட்டும் தொழிலாளியின் நாளை வராத நாளாகக் கணக்கிடாத விதி, தொழிற்சங்கங்கள் அடுத்து மேசையில் அமரும்போது முதற் கோரிக்கைகளுள் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான்காவது, பதுளை உட்பட ஊவாவின் பிரதான வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இருபத்து நான்கு மணித்தியாலமும் தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவர் கடமையில் இருக்க வேண்டும். படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் தோட்டத்து இளைஞர் யுவதிகளைப் பயிற்றுவித்தால் இது இயலாத காரியம் அல்ல. நீண்ட காலத் தீர்வு, தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவையும் ஆசிரியர்களையும் பெருக்கி, தாதியரும் வைத்தியரும் அம்மக்களிடமிருந்தே உருவாகச் செய்வதாகும்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் மலையகத் தமிழ்ப் பெண் ஒருவர் பதுளையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அத்தேர்தலின் பின் பெருந்தோட்டத் துறைக்குப் பொறுப்பேற்ற அமைச்சரும் அதே மாவட்டத்தைச் சேர்ந்தவர். ஊவாவின் மலைப்பாதைகளை அறிந்தவர்கள் அதிகாரத்தில் இருக்கும்போதும் தோட்ட வைத்தியசாலைகளைக் கையேற்பதற்கான கால அட்டவணை ஒன்று வெளியாகாவிட்டால், பின்னர் எக்காலத்தில் வெளியாகும்?

நோய் எல்லோருக்கும் வரும். குடல்வால் நோய்க்கு இனமில்லை, மதமில்லை. ஆனால் ஒரே நோய் கொழும்பில் மூன்று நாள் வைத்தியசாலை வாசமாகவும், மடுல்சீமை மேற்பிரிவில் மரணச் சடங்காகவும் முடியுமானால், அந்த வித்தியாசத்தை விதி என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள முடியாது. அது மனிதர்கள் செய்த ஏற்பாட்டின் விளைவு. மனிதர்களே அதனை மாற்றியாக வேண்டும்.